மேசையில்லா மேசையாட்டம்

பலர் ஒரு மேசையைச் சூழ்ந்திருந்து ஆடும் ஆட்டங்களை, வெவ்வேறு ஊரில் இருப்போர் ஒருங்கே ஆடுதல் கூடுமோ? கூடும். அஃது எங்ஙனம் என்பதையும், அதன் நலங்குறைகளையும் ஈண்டுச் சுருங்க ஆராய்வாம்.

இவ்வெண்ணம் புதியதன்று. 1824-ஆம் ஆண்டில் இலண்டன், எடின்பரோ நகரங்களின் சதுரங்கக் கழகத்தார் அஞ்சல் வழியே ஆடத் தொடங்கினர். ஒவ்வொரு நகர்த்தலும் கடிதத்திற் சென்றது, 1828-இலேயே போட்டி முடிந்தது, எடின்பரோ வென்றது. சதுரங்கத்திற்கு இவ்வழி போதும். அதிற் பகடையும் இல்லை, மறைத்துவைக்கும் சீட்டும் இல்லை. பகடையாட்டத்திலோ, "ஆறு விழுந்தது" என்று தொலைவிலிருப்பவன் எழுதின் அதனை நம்புவது எங்ஙனம்?

இவ்விடரை நீக்குவது மெய்நிகர் மேசை என்னும் மென்பொருள். 1974-இல் வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். இதில் ஒருவர் கதையை நடத்துவார். ஏனையோர் கதைமாந்தராய் நின்று தாம் செய்வது இன்னதென உரைப்பர். அது கைகூடுமோ என்பதை இருபது முகப் பகடை முடிவு செய்யும். இத்தகைய ஆட்டங்களுக்கென 2012-இல் தோன்றியது ரோல்20. கல்லூரியிற் பழகிப் பின் பிரிந்த நண்பர் மூவர், தொடர்ந்து ஒருங்கே ஆட விரும்பி அதனை இயற்றினர். அதில் நிலப்படம் திரையில் விரியும்; நடத்துநர் மறைத்த பகுதி ஏனையோர்க்குப் புலனாகாது; பகடை எண்ணைக் கணினியே எடுத்து அனைவர்க்கும் காட்டும்.

இம்மேசைகள் யாவும் ஒரு தன்மையன அல்ல. போர்டு கேம் அரீனா என்பது விதியை மீற விடாது. 2015-இல் வெளியான டேபிள்டாப் சிமுலேட்டரோ, பெரும்பாலும் மேசையையும் காய்களையும் மட்டுமே தரும். விதியைக் காத்தல் ஆடுவோர் கடன். சினங்கொண்டவன் மேசையைக் கவிழ்த்தற்கும் அதில் வழியுண்டு! புதிதாய்க் கற்பார்க்கு முன்னது நன்று. நண்பர்க்குப் பின்னதே ஏற்றது என்பது எம் கருத்து; தவறிழைக்க இடமில்லாதவிடத்து நேர்மையும் விளங்காதன்றோ?

குறைகளும் உள. இணைப்பு அறுந்தால் ஆட்டமும் நின்றுபோம். தோற்றவன் முகக்குறிப்பும், வென்றவன் தோளைத் தட்டும் கையும் ஆண்டு இல்லை.

எனினும், ஆண்டிறுதியில் விடுதியை விட்டுப் பிரியவிருக்கும் நம்மனோர்க்கு இது வீண்செய்தியன்று. மாலைதோறும் கேரம் பலகையைச் சூழ்ந்திருக்கும் நம்முள் எத்துணையர் பின்னும் ஒருவரோடொருவர் பேசுவோம்? பிரிவைத் தடுத்தல் மென்பொருளால் ஆகாது. வாரம் ஒருமுறை கூடுதற்கு ஒரு காரணத்தை மட்டும் அது தரும். குறித்த நேரத்தில் வந்தமர்தல் நம்மைப் பொறுத்தது.