கேடயம் வேண்டாம் என்ற ஒப்பந்தம்

பகைவன் ஈட்டி எறிகிறான். கேடயம் உயிரைக் காக்கிறது. கேடயத்தால் யாருக்கு என்ன கெடுதல்?

அணுகுண்டு விஷயத்தில் கணக்கு வேறு.

1945 ஆகஸ்ட் 6 அன்று ஜப்பானின் ஹிரோஷிமா நகர்மீது அமெரிக்கா ஒரே ஓர் அணுகுண்டைப் போட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் சுமார் 1,40,000 பேர் இறந்தார்கள். 1949-இல் சோவியத் நாடும் அணுகுண்டு செய்தது. பிறகு இரு நாடுகளும் குண்டுகளை ஏவுகணைகளில் பொருத்தி வைத்தன. ஏவுகணை கண்டம் விட்டுக் கண்டம் பாய அரை மணி நேரம் போதும்.

"நீ அடித்தால் நானும் அடிப்பேன். இருவரும் அழிவோம்." இந்தப் பயம்தான் இருவர் கையையும் கட்டிப் போட்டது. இது நல்ல காவல் அல்ல. ஆனால் வேறு காவல் இல்லை.

இப்போது ஒரு நாடு மட்டும் கேடயம் செய்தால் என்ன ஆகும்? மற்ற நாடு இப்படி யோசிக்கும்: "அவன் முதலில் அடித்து என் ஏவுகணைகளில் பலவற்றை அழிப்பான். மிஞ்சியதை நான் ஏவினால் கேடயத்தால் தடுத்துவிடுவான்." உடனே அது ஏவுகணைகளைப் பெருக்கும். பறந்து வரும் ஏவுகணையை வானில் அடிப்பது மிகக் கடினம். குடையில் ஓட்டை இருந்தால் தலை நனையும், அவ்வளவுதான். இந்தக் கேடயத்தில் ஓர் ஓட்டை என்றால் ஒரு நகரமே போய்விடும்.

ஆகவே 1972 மே 26 அன்று மாஸ்கோவில் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. அமெரிக்க அதிபர் நிக்சனும் சோவியத் தலைவர் பிரஷ்னேவும் கையெழுத்திட்டார்கள். நாடு முழுவதையும் காக்கும் கேடயம் கூடாது. இரண்டு இடங்களில் மட்டும் வைக்கலாம். 1974-இல் அதையும் ஓர் இடமாகக் குறைத்தார்கள். அங்கே தடுப்பு ஏவுகணைகள் 100-க்கு மேல் கூடாது. சோவியத் நாடு மாஸ்கோவைச் சுற்றி வைத்துக்கொண்டது. அமெரிக்கா வடக்கு டகோட்டாவில் வைத்தது; 1976-இலேயே மூடிவிட்டது.

1983-இல் அதிபர் ரீகன் கேடயப் பேச்சை மீண்டும் எடுத்தார். பழிவாங்குவதைவிட உயிர்களைக் காப்பது மேல் அல்லவா என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அதனால்தான் வாதம் இன்னும் ஓயவில்லை. 2002 ஜூனில் அமெரிக்கா ஒப்பந்தத்தை விட்டு வெளியேறியது. கேடயம் ரஷ்யாவுக்கு எதிரானது அல்ல என்று சொன்னது. ரஷ்யா நம்பவில்லை. கேடயத்துக்குச் சிக்காத புதிய ஏவுகணைகளை 2018-இல் அறிவித்தது.

இந்தியாவின் பக்கத்திலும் இதே கதைதான். 2006 நவம்பரில் இந்தியா ஓர் ஏவுகணையை இன்னோர் ஏவுகணையால் வானில் அடித்துச் சோதித்தது. 2017 ஜனவரியில் பாகிஸ்தான், பல குண்டுகளைச் சுமக்கும் அபாபீல் ஏவுகணையைச் சோதித்தது. இப்பகுதியில் கேடயங்கள் பெருகுவதே காரணம் என்றது. 2024 மார்ச்சில் இந்தியாவும் பல குண்டுகளைச் சுமக்கும் அக்னி-5 ஏவுகணையைச் சோதித்தது.