கல்லுக்கு உயிர் வருமா?

கடல்மீன் வளர்க்கும் கண்ணாடித் தொட்டியைப் பார்த்திருக்கிறீர்களா? அதனுள் கற்களை அடுக்கியிருப்பார்கள். அவை அழகுக்காக மட்டும் வைத்தவை அல்ல. தொட்டியைத் துப்புரவு செய்பவை!

மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய இரையிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. அது மீனுக்கு நஞ்சு. புதுத் தொட்டியில் நீர் பளிங்குபோல் தெளிந்திருக்கும். மீனோ சில நாள்களில் இறந்துவிடக்கூடும். கடலில் ஏன் அப்படி நேர்வதில்லை? அங்கே பாறைத் துளைகளில் எண்ணற்ற பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது, அதுவும் நஞ்சே. வேறு வகை நைட்ரைட்டை, தீங்கு மிகக் குறைந்த நைட்ரேட்டாக மாற்றுகிறது. இவை குடியேறிய கல்லை 'உயிர்க்கல்' எனலாம்.

அப்படியானால் கடலிலிருந்தே கல்லைப் பெயர்த்து வரலாமே? கூடாது! மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரை 21 தீவுகள் இருந்தன. சுண்ணாம்புக்காகவும் கட்டட வேலைக்காகவும் பவளப்பாறைகளைப் பல ஆண்டுகள் வெட்டி எடுத்தனர். அலையைத் தடுத்த அரண் அழிந்தது. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்னும் இரு தீவுகள் மூழ்கின. இப்பகுதி 1986-இல் கடல் தேசியப் பூங்காவாயிற்று. 2001-இல் பவளங்களுக்கு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் கிடைத்தது.

ஆகவே வெறுங்கல்லுக்கே உயிரூட்டுவோம். எந்தக் கல் ஏற்றது? எங்கள் தேனி மலைகளின் கருங்கல் உறுதியானது. ஆனால் துளைகள் இல்லை. 10 செ.மீ. கனசதுரத்தின் பரப்பு 600 ச.செ.மீ. அதையே 1 செ.மீ. கனசதுரங்களாக வெட்டினால் மொத்தப் பரப்பு 6,000 ச.செ.மீ.! துளைகளும் இவ்வாறே பரப்பைப் பெருக்குகின்றன. பரப்பு கூடினால் பாக்டீரியாவுக்கு இடமும் கூடும்.

துளையுள்ள கல்லை நாமே செய்யலாம். சிமெண்ட் 1 பங்கு, கிளிஞ்சல் நொறுக்கு 2 பங்கு, கல்லுப்பு 2 பங்கு எடுத்துச் சிறிதளவே நீர் விட்டுப் பிசையுங்கள். கையுறை அவசியம். இறுகியபின் நல்ல நீரில் இடுங்கள். உப்பு கரையும், அது இருந்த இடம் துளையாகும். சிமெண்ட்டிலிருந்து காரம் கசியுமாதலால், நீரின் பி.எச். மதிப்பு 8.5-க்குக் கீழே இறங்கும்வரை சில வாரங்கள் நீரை மாற்றிவாருங்கள்.

பிறகு கல்லைக் கடல்நீர்த் தொட்டியில் வையுங்கள். லிட்டருக்குச் சுமார் 35 கிராம் கடலுப்புக் கலவை வேண்டும், சமையலுப்பு போதாது. பம்பு நீரைச் சுழற்றட்டும். நன்கு இயங்கும் வேறொரு கடல்நீர்த் தொட்டியிலிருந்து ஒரு பிடி மணல் போடுங்கள், அதுவே விதை. ஒரு சிறு துண்டு இறாலையும் இடுங்கள். அது அழுகித் தரும் அம்மோனியாவே பாக்டீரியாவுக்கு உணவு.

இரண்டு நாளுக்கு ஒருமுறை நீரைச் சோதித்து, அளவுகளை வரைபடத்தாளில் குறியுங்கள். முதலில் அம்மோனியா ஏறி இறங்கும். அடுத்து நைட்ரைட் ஏறி இறங்கும். நைட்ரேட் மட்டும் சேர்ந்துகொண்டே போகும். முதல் இரண்டும் பூச்சியத்தைத் தொட்டால் கல்லுக்கு உயிர் வந்துவிட்டது! இதற்கு 4 முதல் 8 வாரங்கள் ஆகலாம். அதன்பின் பாதி நீரை மாற்றி, ஒரே ஒரு மீனை விடுங்கள்.

தூத்துக்குடி அருகே கரைந்துவரும் வான் தீவைக் காக்க, சில ஆண்டுகளுக்கு முன் கடலடியில் துளையுள்ள சிமெண்ட் அமைப்புகளை இறக்கினார்கள். அந்த வெற்றுச் சிமெண்ட்டிலும் உயிர்கள் குடியேறின. வெட்டி எடுத்த பாறையை நம்மால் திருப்பி வைக்க முடியாது. ஆனால் துளையுள்ள கல்லும் பொறுமையும் இருந்தால், கடலிலிருந்து வெகு தொலைவிலுள்ள தேனியிலும் கல்லுக்கு உயிர் வரும். செய்து பாருங்கள்!