பொதுமன்னிப்பை எதிர்த்து உயர் நீதிமன்றம் போவது எப்படி?

2000 டிசம்பர் 19 அன்று யாழ்ப்பாணத்து மிருசுவிலில், விட்டுவந்த வீடு வளவைப் பார்க்கப் போன எட்டுப் பேர் கொல்லப்பட்டார்கள். அதற்காக இராணுவச் சிப்பாய் சுனில் ரத்நாயக்கவுக்கு 2015இல் மரண தண்டனை. 2019இல் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 2020 மார்ச் 26 அன்று, ஊரடங்குக்குள், ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ அவரை மன்னித்து விட்டார். 1976க்குப் பிறகு தூக்கு நிறைவேறாத நாட்டில் மரண தண்டனை என்பது நடைமுறையில் ஆயுட்சிறைதான். அதன் திறப்பு ஜனாதிபதியின் கையில்.

"ஜனாதிபதி கையெழுத்து வைச்சால் முடிஞ்சுது" என்பார்கள். முடியவில்லை. மரண தண்டனைக் கைதிகளான துமிந்த சில்வாவுக்குக் கொடுத்த மன்னிப்பை 2024 ஜனவரியிலும், ஜூட் ஜயமஹவுக்குக் கொடுத்ததை அதே ஆண்டு ஜூனிலும் உயர் நீதிமன்றம் ரத்துச் செய்தது. மிருசுவில் மன்னிப்பை எதிர்த்தும் மனுக்கள் போயின.

1. எங்கே போவது: மன்னிப்பை எதிர்க்கும் வழி அடிப்படை உரிமை மீறல் மனு. அதைக் கேட்கும் அதிகாரம் கொழும்பு புதுக்கடையிலுள்ள உயர் நீதிமன்றத்துக்கு மட்டுமே. யாழ்ப்பாண மேல் நீதிமன்றத்தில் நாளைக் கழிக்காதீர்கள்.

2. ஒரு மாதம்: எல்லாரும் தடுக்கி விழும் இடம் இதுதான். அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை ஒரு மாதம்தான் தருகிறது. செய்தி கேட்ட வீடு முதலில் அழும், பிறகு எம்.பி.க்குக் கடிதம், பத்திரிகைக்குப் பேட்டி, சந்தியில் போராட்டம். எல்லாம் நியாயம்தான். ஆனால் அவற்றில் எதுவும் அந்த ஒரு மாதத்தை ஒரு நாள்கூட நிறுத்தாது. எப்போது தெரியவந்தது என்று பின்னர் வாதாடலாம் என நினைக்க வேண்டாம். விடுதலையான நாளிலிருந்தே எண்ணுங்கள். இருபதாம் நாளுக்குள் மனு புதுக்கடையில் இருக்க வேண்டும். செய்தி வந்த பத்திரிகையைத் திகதியோடு எடுத்து வையுங்கள்.

மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்தில் அந்த மாதத்துக்குள் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது என்று 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. ஆனால் முறைப்பாடு கொடுத்த பற்றுச்சீட்டு மட்டும் போதாது. விசாரணை உண்மையில் நடக்கிறது என்று காட்ட வேண்டும். ஆகவே முறையிடுங்கள், அதை நம்பி இருக்காதீர்கள்.

3. எதிர்மனுதாரர்: அரசியலமைப்பின் 19ஆவது திருத்தம் 2015இல் திறந்த வழியில், ஜனாதிபதியின் செயலுக்குச் சட்டமா அதிபரைப் பெயரிடுங்கள். மன்னிக்கப்பட்டவரையும் கட்டாயம் சேருங்கள். அவரை விட்டால் மனு அதிலேயே விழக்கூடும்.

4. என்ன கேட்பது: மரண தண்டனைக் கைதியை மன்னிக்குமுன் வழக்கைக் கேட்ட நீதிபதியின் அறிக்கை, சட்டமா அதிபரின் ஆலோசனை, நீதி அமைச்சரின் சிபாரிசு மூன்றும் வேண்டும் என்கிறது 34ஆம் உறுப்புரை. அவை எங்கே, மன்னிப்புக்குக் காரணம் என்ன என்று கேளுங்கள். "அநியாயம்" என்று பத்துப் பக்கம் எழுதுவதைவிட இந்தக் கேள்வி வலியது. சமத்துவத்துக்கான 12(1)ஐயும் சேருங்கள். இடைக்கால உத்தரவையும் அதே மனுவில் கேளுங்கள். துமிந்த சில்வாவின் மன்னிப்பு 2022 மே மாதம் அப்படித்தான் இடைநிறுத்தப்பட்டது.

5. சத்தியக்கடதாசி, தீர்ப்பின் பிரதி: சட்டத்தரணி பார்த்துக்கொள்வார்.

குடும்பத்தால் இயலாவிட்டால் பொதுநல அமைப்பும் போகலாம். ஜயமஹ வழக்கைத் தொடுத்தது ஒரு பெண்கள் அமைப்புத்தான். மிருசுவில் குடும்பங்கள் தீர்ப்புக்கு ஏறக்குறையப் பதினைந்து வருடம் காத்திருந்தன. அப்படி வந்த தீர்ப்பைக் காக்கக் கிடைப்பது முப்பது நாள். முதல் நாளே சட்டத்தரணிக்கு அழையுங்கள்.