விலகினார்க்கு வாயில்

சென்னைக் கலங்கரை விளக்கத்திற்குத் தெற்கே, சாந்தோம் பேராலயத்தின் கோபுரம் கண்ணுக்கெட்டும் தொலைவிலே, கடலும் சாலையும் ஒன்றையொன்று நெருக்கி நிற்கும் இடத்தில் அமைந்துள்ளது நொச்சிக்குப்பம். நொச்சி என்ற சொல்லைக் கேட்டவளவில் தமிழ் பயில்வார்க்கு மதில் காக்கும் திணை நினைவிற்கு வரும். உழிஞை சூடினோர் மதிலை வளைக்க, நொச்சி சூடினோர் அதனைக் காப்பர். குப்பத்தின் பெயருக்கும் அத்திணைக்கும் தொடர்பு கற்பிப்பது நம் நோக்கமன்று. ஆயினும், மதில் காப்போர்க்குத் தம்மவர் மீண்டு வருங்கால் கதவு திறக்கவும் தெரிந்திருத்தல் வேண்டுமன்றோ? கத்தோலிக்கத் திருச்சபையில் ஞானஸ்நானம் பெற்றும் பல்லாண்டுகளாகக் கோயிற்படி மிதியாதிருப்போரை மீண்டும் வரவேற்கும் முறை யாது என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுந்த பொருள்.

இக்கடற்கரைக்குக் கோயில் புதிதன்று. போர்த்துக்கீசியர் 1523 ஆம் ஆண்டில் அப்போஸ்தலராகிய தோமையாரின் கல்லறைமேல் ஆலயம் எழுப்பினர். 1545 ஆம் ஆண்டில் சவேரியார் மயிலையில் வந்து தங்கினார். 1606 ஆம் ஆண்டில் மயிலை மேற்றிராசனம் ஏற்பட்டது. இப்பொழுதுள்ள கட்டடம் 1896 ஆம் ஆண்டில் நிறைவெய்தியது. இத்துணைத் தொன்மையுடைய கோயிலின் நிழலிலும் வாராதார் உளர் என்றால் அதனை வியப்பென்று கொள்ளவேண்டா. கோயிலுக்கு அருகில் இருத்தல் வேறு. கோயிலுக்கு அணுக்கமாய் இருத்தல் வேறு.

வாராமைக்குக் காரணம் விசுவாசம் அற்றுப்போனதே என்று நம்மிற் பலர் எளிதாய்ச் சொல்லிவிடுகின்றனர். குப்பத்து வாழ்வைச் சற்று உற்று நோக்கினால் அக்கூற்று நில்லாது. பைபர்ப் படகில் செல்வோன் விடியுமுன் கடலேறுகின்றான். காலையில் கரை சேர்ந்து வலையினின்று மீனை உதறி எடுக்கின்றான். அவன் மனைவி அம்மீனைக் கூறு வைத்து விற்கின்றாள். ஞாயிற்றுக்கிழமையோ மீன் மிகுதியும் விற்கும் நாள். கோயிலில் பூசை மணி அடிக்கும் வேளையும், ஒரு வாரத்துச் சோற்றுக்கு வழி பிறக்கும் வேளையும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. ஒரு வாரம் தவறும், அது மாதமாகும், பின்னர்க் கூச்சம் வந்து குடிபுகும். இன்னும் சிலர், 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் நாள் கடல் பொங்கிய பின்னர், கரையோரக் குப்பங்களினின்று செம்மஞ்சேரி போன்ற தொலைவிடங்களிற் குடியேற்றப்பட்டனர். அவர்தம் பெயர் பழைய பங்கின் ஏட்டில் இருக்க, உடல் வேறோர் ஊரில் இருக்கின்றது. இந்துக்களும் கிறிஸ்தவரும் சுவரொட்டி வாழும் இடத்தில் காதல் மணங்கள் நிகழ்வதும் இயல்பே. பதிவகத்தில் மணந்துகொண்டு, இனிக் கோயில் நமக்கில்லை என்று தாமே தீர்ப்பெழுதிக்கொண்டோரும் உளர்.

இவற்றினும் கூரிய காரணம் ஒன்றுண்டு. கரையில் அமர்ந்து வலை சீர்செய்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர், யாதோ ஒரு பங்கில் தமக்கு நேர்ந்ததைக் கூறினார். "தம்பி, என் ஆத்தா செத்த அன்னைக்கு அடக்கம் பண்ணணும்னு கேக்கப் போனேன். ஐயோ பாவம்னு ஒரு வார்த்தை இல்லை. சந்தா எத்தனை வருஷம் பாக்கின்னு நோட்டைப் புரட்டினாங்க. காசு கட்டினேன், அடக்கமும் ஆச்சு. அதுக்கப்புறம் நான் அந்தப் பக்கமே போகலை." அவர் கழுத்தில் தேவமாதா சுரூபம் தொங்கியது. விசுவாசம் போகவில்லை, போனவர் அவர் மட்டுமே. கோயிற் செலவுக்குச் சந்தா வேண்டுவதுதான். அதனை நாம் மறுக்கவில்லை. துக்கத்தோடு வருபவனிடம் முதற்கேள்வி எதுவாய் இருத்தல் வேண்டும் என்பதே வழக்கு.

நம் அகப்பொருள் நூல்களில் இதற்கு ஒரு திறவுகோல் உண்டு. தலைவன் பிரிந்து சென்று மீளுங்கால் தலைவி ஊடி நிற்பாள். அவ்வூடலைத் தீர்த்தற்பொருட்டுப் பாணனும் விறலியும் தோழியும் இடைநின்று பேசுவர். இவர்களுக்கு வாயில்கள் என்று பெயர். கதவுள்ள இடத்தையும் வாயில் என்கிறோம். நடந்து சென்று, முகம் பார்த்துப் பேசி, இருவரையும் கூட்டுவிக்கும் மனிதரையும் வாயில் என்கிறோம். கல்லாலும் மரத்தாலும் ஆன வாயில் திறந்தே கிடந்தாலும், மனித வாயில் இல்லையேல் விலகினோன் உட்புகான் என்பதே நம் துணிபு. ஒரு வேறுபாடு மட்டும் கருதத்தக்கது. அகப்பாட்டில் பிரிந்து சென்றவனே வாயில் விடுப்பான். வீட்டிலிருப்பவள் அதனை நேரவும் மறுக்கவும் உரிமையுடையாள். லூக்காஸ் நற்செய்தியின் 15 ஆம் அதிகாரத்திலோ, ஆட்டைத் தேடி மேய்ப்பனே புறப்படுகின்றான். மகனைக் கண்ட தந்தை தானே ஓடுகின்றான். ஈண்டு வாயில் விடுக்கும் கடமை வீட்டிலிருப்போரைச் சார்ந்தது. அவ்வுவமையின் முடிவில் வீட்டிற்கு வெளியே நிற்பவன் இளையவன் அல்லன், ஒருநாளும் வீடு நீங்காத மூத்தவன் என்பதை ஞாயிறு தவறாத நாம் சற்று நினைத்துக்கொள்ளுதல் நலம்.

இவ்வாறு வாயிலாகவே வாழ்ந்த ஒருவரின் வரலாறு, நொச்சிக்குப்பத்தைப் போலவே தமிழ் வழங்கும் மற்றொரு கடற்கரையில் நிகழ்ந்தது. யாழ்ப்பாணம் 1658 ஆம் ஆண்டில் போர்த்துக்கீசியரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்கு மாறிற்று. ஒல்லாந்தர் கல்வினின் கொள்கையினர். கத்தோலிக்கக் குருவுக்குப் புகலிடம் தருவோர்க்கு மரணமே தண்டனை என்று அவ்வாண்டிலேயே ஆணை பிறந்தது. கோயில்கள் பறிபோயின, குருக்கள் துரத்தப்பட்டனர். ஒல்லாந்தர் ஆலயத்தில் ஞானஸ்நானமும் மணமும் பெற்று ஏட்டிற் பதிந்தாலன்றி மக்களுக்கு உரிமைகள் நிலைபெறா. ஆகவே பலர் புறத்தே ஒல்லாந்தர் ஆலயத்திற்குச் சென்றும், அகத்தே பழைய செபமாலையைப் போற்றியும் வாழ்ந்தனர். சிலர் அதனையும் மறந்தனர். 29 ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன. ஆட்சி மாறிய ஆண்டில் பிறந்த குழந்தை, குருவின் முகத்தையே காணாது வளர்ந்து தாயாகிவிடும் காலம் அது.

1687 ஆம் ஆண்டில் பிச்சைக்காரர் கோலத்தில் ஒருவர் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அவரே கோவாவின் பெனாலிம் ஊரில் 1651 ஆம் ஆண்டில் பிறந்த ஓரட்டோரியன் சபைக் குரு யோசேவ் வாஸ். வழியிலேயே வயிற்றுக்கடுப்பால் மெலிந்து, கரையேறும்போது நடக்கவும் வலியற்றிருந்தார். தேறிய பின்னர்க் கழுத்தில் செபமாலை அணிந்துகொண்டு வீடுவீடாய்ப் பிச்சை கேட்டுச் சென்றார். எவரையும் அவர் யாதும் வினவவில்லை. செபமாலையைக் கண்டதும் எவர் முகம் மலர்கின்றது, எவர் கண் கலங்குகின்றது என்று மட்டும் பார்த்துவந்தார். அவ்வாறு கண்டுகொண்ட ஒரு குடும்பத்தின் வாயிலாக மறு குடும்பத்தை அறிந்தார், தமிழும் கற்றார், சில்லாலையூரில் மறைந்திருந்து, இரவிலே பூசை செய்தும், பாவசங்கீர்த்தனம் கேட்டும், குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் அளித்தும் வந்தார். அம்முறையின் நுட்பத்தைக் கவனியுங்கள். வரவேற்க வந்தவரே இரந்து நின்றார்! கொடுக்கும் நிலையில் இருந்தோர் விலகியோரே. கைநீட்டி நிற்கும் ஒருவர் முன்னே கூச்சம் எங்ஙனம் நிற்கும்?

ஒரு கிறிஸ்து பிறப்பு இரவில் ஒல்லாந்தர் கூட்டத்தை வளைத்துப் பலரைச் சிறைப்பிடித்தனர். யோசேவ் வாஸ் தப்பி, 1690 ஆம் ஆண்டில் புத்தளம் சென்றார். 1692 ஆம் ஆண்டில் கண்டியில் உளவாளியென ஐயுற்றுச் சிறையிடப்பட்டார். 1697 ஆம் ஆண்டில் அந்நகரில் பெரியம்மை பரவியபோது, கைவிடப்பட்ட நோயாளிகளை மதம் பாராது தாமே பேணினார். 1711 ஆம் ஆண்டு ஜனவரி 16 ஆம் நாள் கண்டியில் உயிர்நீத்தார். 2015 ஆம் ஆண்டு ஜனவரி 14 ஆம் நாள் கொழும்பில் பாப்பரசர் பிரான்சிஸ் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார்.

அவர் அமைத்த ஏற்பாடே நம் பொருளுக்கு இன்னும் இன்றியமையாதது. குரு எங்கும் எப்போதும் இருத்தல் இயலாமையின், ஊர்தோறும் மூப்பரையும் அண்ணாவியையும் நிறுவினார். செபம் சொல்லவும், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் கற்பிக்கவும், குரு வரும் நாளை அறிந்து மக்களைக் கூட்டவும் அவர்களே பொறுப்பாளர். ஊராருள் ஒருவரே வாயிலானார். 1705 ஆம் ஆண்டில் இலங்கை சேர்ந்த அவருடைய துணைவர் யாக்கோமே கொன்சால்வெஸ், தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் இயற்றினார். தபசுகாலத்தில் வாசித்தற்கென அவர் செய்த வியாகுலப் பிரசங்கம் தமிழ் உரைநடை பயில்வோர் அறிந்திருக்கவேண்டிய நூல். ஏடு ஒன்றும் அதனை உரக்க வாசிக்கும் அண்ணாவி ஒருவரும் இருந்தால் குருவற்ற ஊரும் கோயிலாயிற்று. நம் காலத்தில் அமெரிக்கர் விலகினோரைத் தொலைக்காட்சி விளம்பரத்தால் அழைத்தனர். அதனைக் குறைகூறோம்; ஆயினும் விளம்பரம் கண்கலங்குவோர் யாரென்று பார்த்தறியாது.

இனி, மீள்வோர் அஞ்சும் அளவிற்குத் திருச்சபையின் சட்டம் கடுமையுடையதா? அன்று. ஞானஸ்நானம் அழியா முத்திரை; அது காலாவதி ஆவதில்லை; மீண்டும் பெறவேண்டுவதுமில்லை. நல்ல பாவசங்கீர்த்தனம் ஒன்றே போதுமானது. பதிவகத்தில் மணந்தோர் மணத்தையும் தடையில்லாதவிடத்துச் செல்லுபடியாக்குதற்கு 1983 ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு வழி வகுத்துள்ளது. துணைவர் இந்துவாயின் ஆயரின் அனுமதி வேண்டும். அதே தொகுப்பின் 1248 ஆம் சட்டம், சனிக்கிழமை மாலைப் பூசையில் பங்கெடுப்பினும் ஞாயிற்றுக் கடன் நிறைவேறும் என்கின்றது. நொச்சிக்குப்பத்து மீன் விற்கும் தாய்க்கு இவ்வொரு செய்தியை எவரேனும் சொல்லியிருந்தால் எத்தனை ஆண்டுக் கூச்சம் மிஞ்சியிருக்கும்! சட்டம் நூலில் உளது. குப்பத்திற்கு அதனை எடுத்துச் செல்வாரே இலர்.

நம் கல்லூரியிலும் விடுதி மணிக்கு அஞ்சி ஆலயம் செல்வோர் சிலர், பட்டத்தோடு பக்தியையும் முடித்துக்கொள்வர் என்பது பழைய மாணவர் அறிந்ததே. அவர்களைப் பற்றித் தனியே எழுதலாம்.

குப்பத்திற்குச் செல்ல விரும்பும் நண்பர்க்கு ஒரு குறிப்பு. காலையிற் செல்லவேண்டா, அது விற்பனை நேரம். 2024 ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற மீன் அங்காடியில் நின்று, வாங்காது பேசுவோரை எவரும் விரும்பார். பிற்பகலில் வலை சீர்செய்யும் வேளையே ஏற்றது. வெறுங்கையோடு சென்று, குடிக்கத் தண்ணீர் கேளுங்கள். கோயிலைப் பற்றி அவர்களே பேச்செடுப்பர்.