கோழியின் கொழுப்பும் மரபும்

ஒருவன் செருக்குற்றுத் திரிவானாயின், அவனுக்குக் கொழுப்பு மிகுந்துவிட்டது என்று உலகோர் கூறுவர். நண்டு கொழுத்தால் வளையில் தங்காது என்பதும் பழமொழி. இவ்வாறு கொழுப்பு என்னும் சொல் மக்கள் வழக்கில் பெரும்பாலும் பழிச்சொல்லாகவே வழங்குகின்றது. கோழி வளர்ப்போரும், கொழுத்த கோழி முட்டையிடாது என்பர். அக்கூற்றில் உண்மை உண்டு. ஆயினும் அது முழு உண்மை அன்று. முட்டையிடும் கோழிக்குக் கொழுப்பு எத்துணை வேண்டும், அதனை அளிப்பது தீனியா அல்லது பிறப்பா என்பன ஆராய்ந்து அறியத்தக்கன.

தொல்காப்பியத்தின் இறுதி இயலுக்கு மரபியல் என்பது பெயர். விலங்கு, பறவை ஆகியவற்றின் ஆண், பெண், இளமை என்பவற்றிற்கு வழிவழியாக வழங்கும் பெயர்களை அவ்வியல் தொகுத்துரைக்கின்றது. கோழியின் பெண்ணுக்கு 'அளகு' என்னும் பெயர் உரியது என்பதும் அதனால் அறியப்படும். மரபியல் என்னும் அச்சொல்லே, பெற்றோரின் இயல்புகள் மக்களிடத்து இறங்கி வரும் வகையை ஆராயும் அறிவியலுக்கும் இக்காலத்தில் பெயராயிற்று. பட்டாணிச் செடியில் மெண்டல் கண்ட விதி கோழியினிடத்தும் செல்லும் என்பதை, அதன் கொண்டையின் வடிவைக் கொண்டு 1902-ஆம் ஆண்டில் பேட்சன் என்னும் ஆங்கில அறிஞர் நிறுவினார்.

சென்னையில் தியாகராய நகரை அடுத்து நந்தனம் என்னும் பகுதி உளது. நந்தன ஆண்டாகிய 1952-53-இல் அமைந்தமையால் அஃது அப்பெயர் பெற்றது என்பர். அங்குக் கோழி ஆராய்ச்சி நிலையம் ஒன்று பல்லாண்டுகள் நடைபெற்றது. 1989-ஆம் ஆண்டில் தோன்றிய தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அந்நிலையத்தின் உழைப்பால், நந்தனம் கோழி, நந்தனம் காடை, நந்தனம் வான்கோழி என ஊர்ப்பெயரைத் தாங்கிய பறவைகள் நாட்டில் பரவின. இத்தகைய இனங்களை உருவாக்கும் கலையின் உயிர்நிலை, அடுத்த தலைமுறைக்குத் தாய் தந்தையராகத் தக்கவற்றைத் தேர்ந்தெடுப்பதே ஆகும்.

எடையை நிறுத்து அறியலாம். முட்டையை எண்ணி அறியலாம். கொழுப்போ வயிற்றினுள் மறைந்து கிடப்பது. அறுத்துப் பார்த்தாலன்றி அதன் அளவு தெரியாது. அறுத்த கோழியோ பின் தாயாகாது. இவ்விடுக்கணைக் கடக்க அறிஞர் இரு வழிகளைக் கண்டனர். ஒரே தாய் தந்தையர்க்குப் பிறந்தவற்றுள் சிலவற்றை அறுத்து நோக்கி, அவற்றின் உடன்பிறப்புகளைத் தேர்ந்தெடுப்பது முதல் வழி. சிறிது குருதி எடுத்து, அதில் ஓடும் கொழுப்பின் அளவால் உடலில் தங்கிய கொழுப்பை உய்த்துணர்வது இரண்டாம் வழி. முன்னதைப் பிரெஞ்சு அறிஞரும், பின்னதை ஸ்காட்லாந்து நாட்டு எடின்பரோ அறிஞரும் இறைச்சிக் கோழிகளிடத்து மேற்கொண்டனர். பிரெஞ்சு அறிஞர் 1980-ஆம் ஆண்டில் தம் முடிபுகளை வெளியிட்டனர். சில தலைமுறைகளுக்குள் ஒரு குலம் கொழுத்தும் மற்றொரு குலம் மெலிந்தும் பிரிந்தன. தீனி ஒன்றே, உடல் எடையும் ஏறத்தாழ ஒன்றே, வயிற்றுக் கொழுப்போ பெரிதும் வேறுபட்டது. கொழுக்கும் இயல்பு பிறப்பொடு வருவது என்பது இதனால் தெளிவாயிற்று.

அங்ஙனமாயின், முட்டையிடும் கோழியின் கொழுப்பையும் முற்றும் போக்கிவிடுதல் நன்றன்றோ எனின், அன்று. மஞ்சட்கருவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கொழுப்பே ஆகும். ஒரு முட்டையில் ஏறக்குறைய 5 கிராம் கொழுப்பு உண்டு. நல்லினக் கோழி ஓராண்டில் 300 முட்டை இடுமாயின், அது முட்டை வழியாக வழங்கும் கொழுப்பு 1,500 கிராம் ஆகும். வெள்ளை லெகார்ன் கோழியின் உடல் எடையே இதனினும் மிகப் பெரிதன்று. இக்கொழுப்பைப் பெரும்பாலும் ஆக்கித் தருவது அதன் கல்லீரல். கோழி முட்டைப் பருவம் எய்தியதும் ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பு மிகுந்து கல்லீரலைத் தூண்டுகின்றது. அங்கு ஆக்கப்பட்ட கொழுப்பு நுண்துகள்களாகிக் குருதி வழியே கருவகத்தை அடைகின்றது. ஆங்கு வளரும் கருவில், வாயில் காப்போர் போன்ற ஏற்பிகள் அதனை உள்ளே வாங்கிக்கொள்கின்றன.

அவ்வாயில் அடைபடின் யாது நிகழும்? வெள்ளை லெகார்ன் கோழியின் ஒரு குலத்தில் இதனைக் கண்டனர். ஏடு எழுதுவோன் ஓரெழுத்தைப் பிழைபட எழுதினால் பொருள் கெடுதல் போல, ஏற்பியை அமைக்கும் மரபணுவில் நேர்ந்த ஒரு சிறு மாற்றமே அதற்குக் காரணம் என்பது 1995-இல் வெளியாயிற்று. கருவினுள் புக இயலாத கொழுப்பு குருதியிலேயே தேங்கிற்று, குருதிக்குழாய்கள் கெட்டன, கோழியும் பெரும்பாலும் முட்டையிடவில்லை. இம்மரபணு இசட் என்னும் குரோமோசோமில் உளது. சேவலுக்கு அஃது இரண்டு. ஒன்று பழுதாயினும் மற்றொன்று காக்கும். பெட்டைக்கோ ஒன்றே உண்டு. அது பழுதாயின் மாற்று இல்லை. ஆதலால் குறையைத் தன்னகத்து மறைத்துத் திரியும் சேவல் நலமுடன் வாழ, அதன் பெண்மக்களுள் பாதி மலடாகின்றன.

பிறப்பு இவ்வாறாக, வளர்ப்பும் தன் வலிமையைக் காட்டாமல் இராது. அடைபட்ட கூண்டில் அசைவின்றி இருந்து, ஆற்றல் மிகுந்த தீனியை அளவின்றி உண்ணும் கோழிக்குக் கல்லீரலில் கொழுப்பு மண்டும். பின் அங்குக் குருதிக்குழாய் வெடித்துத் திடீரென இறப்பதும் உண்டு. 1956-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இந்நோய் குறிக்கப்பெற்றது. நன்றாக முட்டையிடும் கோழிகளே இதற்கு இரையாதல் இரங்கத்தக்கது. வெயில் மிக்க காலத்தில் இக்கேடு இன்னும் மிகும்.

ஆகவே, கொழுப்பு மிகினும் கேடு, குறையினும் கேடு. ஆக்கிய கொழுப்பு தேங்காது முட்டைக்குச் சென்று சேர்தலே நலம். ஒரு குணத்தையே நோக்கி ஒரு குலத்தைத் திருத்தப் புகுவோன், அதனோடு பிணைந்த பிற குணங்களையும் நோக்குதல் வேண்டும். நல்ல மரபைத் தேர்தல் அறிஞர் கடன். அளவறிந்து தீனியிடுதல் வளர்ப்போர் கடன். இவ்விரண்டும் ஒருங்கே அமைந்தவிடத்து, கொழுப்பு கோழிக்குப் பழியாகாது, செல்வமேயாகும்.