பழைய மேக்புக் ஏர்: எதை மாற்றலாம், எதை மாற்ற முடியாது?

அக்கா கல்லூரியில் வைத்திருந்த மேக்புக் ஏர் இப்போது தம்பி கைக்கு வந்திருக்கும். இல்லையென்றால், செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைத்ததென்று வாங்கியிருப்பார்கள். 13 அங்குல ஏரின் 2017 மாடல் 2019 ஜூலை வரை கடைகளில் விற்றது. அதனால் இன்னும் பல வீடுகளில் அது ஓடிக்கொண்டிருக்கிறது. ஸ்லோவாகிவிட்டது என்று யாரிடமாவது சொன்னால் இரண்டு பதில்களில் ஒன்று கிடைக்கும்: "இதில் கை வைக்கவே முடியாது, புதுசு வாங்குங்கள்." அல்லது, "எஸ்எஸ்டி மாற்றினால் ராக்கெட் மாதிரி ஓடும்." இரண்டையும் நம்ப வேண்டாம். இந்தக் கணினியில் சில பாகங்களை மாற்றலாம், சிலவற்றை மாற்றவே முடியாது. எது எது என்று தெரிந்துகொண்டு செலவழித்தால், படிக்கிற பிள்ளைக்கு இன்னும் சில வருடங்கள் உதவும்.

நம்பிக்கை 1: மெல்லிய லேப்டாப்பைத் திறக்கவே முடியாது.

உண்மை: அடித்தட்டில் பத்து ஸ்க்ரூ, அவ்வளவுதான். அவற்றின் தலையில் ஐந்து இதழ்ப் பூப்போல ஒரு குழி இருக்கும். அதற்கான பென்டலோப் டிரைவர் வேண்டும். திரைக் கீலை ஒட்டி நடுவில் இருக்கும் இரண்டு ஸ்க்ரூ 9 மி.மீ. நீளம், மற்ற எட்டும் மிகக் குட்டை. இடம் மாற்றிப் போட்டால் அடித்தட்டு சரியாக உட்காராது. கழற்றும்போதே ஒரு காகிதத்தில் அதே வரிசையில் வைத்துக்கொள்ளுங்கள். தட்டை எடுத்ததும் முதல் வேலை, பேட்டரி கனெக்டரைப் பிடுங்குவது. மின்சாரம் ஓடும் போர்டில் ஸ்க்ரூ டிரைவர் பட்டால் கதை முடிந்தது. ரெட்டினா மேக்புக் ப்ரோவில் பேட்டரியைப் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். இதில் ஸ்க்ரூதான், கழற்றி மாட்டலாம். எஸ்எஸ்டியும் ஒரே ஒரு ஸ்க்ரூவில்தான் நிற்கிறது.

நம்பிக்கை 2: அடியில் இருக்கும் மாடல் எண்ணைச் சொன்னால் சரியான பாகம் கிடைக்கும்.

உண்மை: அடித்தட்டில் ஏ1466 என்று இருக்கும். 2012 முதல் 2017 வரை வந்த எல்லா 13 அங்குல ஏருக்கும் அதே எண்தான். ஆனால் 2012 மாடலின் எஸ்எஸ்டி கனெக்டர் வேறு, 2013-லிருந்து வந்தது வேறு. பேட்டரியும் அப்படியே: 2012-க்கு ஏ1405, 2013 முதல் 2017 வரை ஏ1496. ஆப்பிள் மெனுவில் 'அபவுட் திஸ் மேக்' திறந்து, மாடலின் வருடத்தைக் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

நம்பிக்கை 3: ரேம் கூட்டினால் எல்லாம் சரியாகிவிடும்.

உண்மை: கூட்டினால் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் கூட்ட வழியில்லை. இதில் ரேம் மதர்போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கிறது, ஸ்லாட்டே கிடையாது. வாங்கும்போது 4 ஜிபி என்றால் கடைசிவரை 4 ஜிபிதான். சில்லுகளைப் பெயர்த்தெடுத்துப் பெரியவற்றை வைத்துத் தருபவர்கள் உண்டு. பிசகினால் போர்டே போய்விடும், கூலியும் கணினியின் விலைக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

தடை ரேம்தானா என்று முதலில் பாருங்கள். வழக்கமாகச் செய்யும் வேலைகளையெல்லாம் திறந்து வைத்துக்கொண்டு, 'ஆக்டிவிட்டி மானிட்டர்' போய் 'மெமரி' பகுதியின் அடியில் இருக்கும் 'மெமரி பிரஷர்' வரைபடத்தைக் கவனியுங்கள். பச்சையாகவே இருந்தால் ரேம் போதுமானது, குறை வேறெங்கோ இருக்கிறது. மஞ்சளும் சிவப்புமாகவே நின்றால் தடை ரேம்தான். அப்போது மாற்ற வேண்டியது நம் வழக்கத்தை: திறந்து வைக்கும் டேப்களைக் குறைக்க வேண்டும், தானாகத் தொடங்கும் செயலிகளை நிறுத்த வேண்டும்.

நம்பிக்கை 4: எந்த எம்.2 எஸ்எஸ்டி வாங்கினாலும் பொருந்தும். பெட்டியில் போட்ட வேகமும் கிடைக்கும்.

உண்மை: இரண்டுமே நடக்காது. ஆப்பிளின் கனெக்டர் தனி வடிவம். எம்.2 பலகையை மாட்ட நடுவில் ஒரு சின்ன அடாப்டர் வேண்டும். அதிலும் 2013-லிருந்து வந்த மாடல்களில் என்விஎம்இ வகைதான் வேலை செய்யும். பார்க்க அதே மாதிரி இருக்கும் சாட்டா வகை எம்.2-வை மாட்டினால் கணினி அதைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது.

பழைய எஸ்எஸ்டியைக் கழற்றுவதற்கு முன்பே ஹை சியராவோ அதற்குப் பின் வந்த மேக்ஓஎஸ்ஸோ போட்டுவிடுங்கள். என்விஎம்இ-யிலிருந்து பூட் ஆகத் தேவையான ஃபர்ம்வேர் அந்த அப்டேட்டோடுதான் வருகிறது. 2013, 2014 மாடல்களில் ஸ்லீப்பிலிருந்து எழும்போது தகராறு வருவதுண்டு, அதற்கு ஹைபர்னேஷன் செட்டிங்கை மாற்ற வேண்டியிருக்கும்.

வேகத்தைப் பொறுத்தவரை, பெட்டியில் விநாடிக்கு 3500 எம்பி என்று இருக்கலாம். இந்த ஏர்களில் இருப்பது பிசிஐஇ 2.0. நான்கு லேன் முழுதாகக் கிடைத்தாலும் ஏட்டுக்கணக்கில் 2000 எம்பிதான் உச்சம். அதனால் விலையுயர்ந்த அதிவேக ரகம் வேண்டாம், குறைந்த மின்சாரம் எடுக்கும் சாதாரண ரகமே போதும். இங்கே எஸ்எஸ்டி மாற்றுவதன் பலன் இடம்தான். 128 ஜிபி நிரம்பி மூச்சுத் திணறும் கணினிக்கு 500 ஜிபி கிடைத்தால் நிம்மதி. ரேம் பற்றாக்குறையை எந்த எஸ்எஸ்டியும் தீர்க்காது. அந்த ரேம் விநாடிக்கு 25 ஜிபி அளவில் தரவைக் கடத்தக்கூடியது. எஸ்எஸ்டி அதற்குப் பக்கத்தில்கூட வராது.

நம்பிக்கை 5: பேட்டரி போனால் என்ன, சார்ஜரிலேயே ஓட்டிக்கொள்ளலாம்.

உண்மை: ஓட்டலாம், ஆமைவேகத்தில். பேட்டரியைக் கழற்றிவிட்டாலோ அது அறவே செயலிழந்தாலோ, பிராசஸர் தன் வேகத்தை வெகுவாகக் குறைத்துக்கொள்ளும். பல "ஸ்லோ" புகார்களுக்கு வேர் இதுதான். 'சிஸ்டம் ரிப்போர்ட்'டில் 'பவர்' பகுதியில் சைக்கிள் கவுன்ட் பாருங்கள். இந்த பேட்டரிக்கு ஆப்பிள் சொல்லும் கணக்கு 1000 சைக்கிள். இன்று பாதி, நாளை பாதி தீர்த்தால் இரண்டும் சேர்ந்து ஒரு சைக்கிள்.

பேட்டரி இருப்பது டச்பேடுக்குக் கீழே. டச்பேட் கிளிக் ஆகாமல் இறுகினாலோ, மேலே தூக்கிக்கொண்டு வந்தாலோ பேட்டரி உப்பியிருக்கலாம். அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள். அன்றைக்கே கழற்றிவிட வேண்டும். கழற்றியதைக் குப்பையில் போடாமல், மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

நம்பிக்கை 6: 'ஆக்டிவிட்டி மானிட்ட'ரில் 'கெர்னல் டாஸ்க்' 300 சதவீதம் காட்டுகிறது, வைரஸ் புகுந்துவிட்டது.

உண்மை: அது வைரஸ் இல்லை. உள்ளே சூடு ஏறும்போது பிராசஸரின் நேரத்தைத் தானே பிடித்துவைத்துக்கொண்டு, மற்ற செயலிகளை மெதுவாக்கிச் சூட்டைத் தணிப்பது அதன் வேலைகளில் ஒன்று. ஆன்டிவைரஸுக்குப் பணம் கட்டாமல், அடித்தட்டைத் திறந்து ஃபேனில் படிந்த தூசியைத் துடையுங்கள். ஹீட்சிங்க் அடியில் காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டைச் சுரண்டிப் புதிது தடவச் சொல்லுங்கள். கணினியை மெத்தைமேல் வைத்து ஓட்டும் பழக்கத்தையும் விடுங்கள்.

நம்பிக்கை 7: அப்டேட் நின்றுவிட்டால் கணினி செத்த மாதிரிதான்.

உண்மை: 2013, 2014 ஏருக்கு மேக்ஓஎஸ் பிக் சர், 2015, 2017 ஏருக்கு மான்டெரே என்று ஆப்பிள் நிறுத்திக்கொண்டது. பாதுகாப்பு அப்டேட் இல்லாத கணினியில் வங்கி வேலை பார்ப்பது ஆபத்து என்பது உண்மைதான். ஆனால் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட்டை இதில் போடலாம். அதன் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு 4 ஜிபி ரேமிலும் சமாளிக்கும். போட்டதும் வைஃபை வராவிட்டால் பயப்பட வேண்டாம். உள்ளே இருப்பது பிராட்காம் சில்லு, அதற்குத் தனி டிரைவர் வேண்டும். ஃபோனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து அதன் நெட்டைக் கொடுத்து, 'டிரைவர் மேனேஜ'ரில் அந்த டிரைவரைப் போட்டால் வைஃபை வந்துவிடும்.

ஆக, வரிசை இதுதான். முதலில் காசு செலவில்லாத சோதனைகள்: வருடம், மெமரி பிரஷர், சைக்கிள் கவுன்ட். அடுத்து தூசியும் பேஸ்ட்டும். பிறகு பேட்டரி. இடம் போதவில்லை என்றால் மட்டும் எஸ்எஸ்டி. 8 ஜிபி மாடல் என்றால் இவ்வளவும் செய்யத் தகும். 4 ஜிபி மாடலுக்கு தூசி, பேட்டரி, லினக்ஸ் மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கட்டுரை எழுதவும் பாடம் பார்க்கவும் அது போதும். வீடியோ எடிட்டிங்தான் வேலை என்றால், இதில் ஒரு ரூபாயும் போடாமல் அந்தப் பணத்தை அடுத்த கணினிக்கு ஒதுக்குங்கள். அதை வாங்கும்போது, ரேம் சால்டர் செய்ததா, ஸ்லாட் உள்ளதா என்று முதலிலேயே கேளுங்கள்.