தழும்பும் தோலும்

வேலூர்

செல்விக்கு,

முள்கம்பியில் முன்னங்காலைக் கிழித்துக்கொண்ட குதிரைக்கு இரண்டு மாதமாகக் கட்டுக் கட்டியும் புண் ஆறவில்லையே என்று வருந்தி எழுதியிருந்தாய். கால்நடை மருத்துவம் நீ படிப்பது. நான் அறிந்ததெல்லாம் ஆம்பூர் டேனரியில் தோல் தரம் பிரித்த அனுபவமே. பதனிட்ட தோலை வெளிச்சத்தில் விரித்துத் தடவும்போது, பழைய புண் ஆறிய இடத்தில் மட்டும் மயிர்க்காலின் புள்ளிகள் இராமல், கண்ணாடிமேல் செல்வது போல விரல் வழுக்கிப் போகும். அவ்விடத்தில் மூடியிருப்பது தழும்பேயன்றித் தோலன்று. தழும்புக்குப் பதிலாகத் தோலையே மீண்டும் வளர்க்க இயலுமா என்பதே புத்துருவாக்க சிகிச்சையின் விசாரம்.

உடம்பில் படும் காயம், தான் சுருங்கிச் சுற்றியுள்ள தோலை இழுப்பதனால் பெரும்பாலும் மூடிக்கொள்ளும். குதிரையின் முழங்காலுக்குக் கீழேயோ சதையில்லை, எலும்பின்மேல் தோல் விறைத்துக் கிடக்கிறது, பிராணவாயுவும் குறைவு, ஆரம்பத்தில் மந்தமாய் எழும் அழற்சி, அடங்கவேண்டிய காலத்தில் அடங்குவதில்லை. ஆகவே குழி நிரம்பிய பின்னும் நில்லாமல், சிவந்து முண்டும் முடிச்சுமாகத் துர்மாமிசம் பொங்கி எழ, ஓரத்திலிருந்து ஊர்ந்து வரும் மெல்லிய மேல்தோல் அம்மேட்டில் ஏறமாட்டாமல் நின்றுவிடுகிறது. துர்மாமிசத்தில் நரம்பில்லாமையால் கத்தி வைத்தால் வலி தெரியாது; இரத்தந்தான் பெருகும். அக்காலத்து ஜட்காக்காரர்கள் மயில்துத்தம் வைத்துச் சுடுவார்கள். துர்மாமிசத்தோடு மேல்தோலும் வெந்துபோகும்.

தோலுக்கு உடலாய் நிற்பது கொலாஜன் என்னும் புரதம். அது மூன்று புரி கொண்ட கயிறு என்பதை 1954இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கண்டு சொன்னார்கள். ஆவாரம்பட்டையாலும் கடுக்காயாலும், பின்னாளில் குரோமியத்தாலும், கிருமி தின்னாதபடி நாம் இறுக்கிக் கட்டுவது அந்தப் புரிகளைத்தான். அதையே இறுக்காமல் தூய்மை செய்து மெல்லிய ஏடாக்கிப் புண்ணின்மேல் பரப்பினால், அவரைக்கொடி பந்தலைப் பற்றுவதுபோல உயிரணுக்கள் அதைப் பற்றி ஏறும். பந்தலும் நாளடைவில் கரைந்துபோகும். 1948இல் தோன்றிய அடையாறு மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இத்தகைய ஏடுகளைத் தீப்புண்பட்ட மனிதருக்கென உருவாக்கியது என்பதில், தோல்காரனாகிய எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

குதிரையின் கழுத்து நாளத்தில் இரத்தம் எடுத்துச் சுழற்றிப் பிரிக்கும் தட்டணுத் திரவத்தை நீ பெரிதும் புகழ்ந்திருக்கிறாய். வளர்ச்சியைத் தூண்டும் சத்துகள் அதில் உண்டு, மெய்தான். ஆனால் திறந்த கால் புண்ணில் அது துர்மாமிசத்துக்கே தீனியானதையும் சோதனையில் கண்டிருக்கிறார்கள். வாலடிக் கொழுப்பிலிருந்து எடுக்கும் ஸ்டெம் செல்களும் பெரும்பாலும் தாமே தோலாக மாறுவதில்லை. கல் அடுக்கும் கொத்தனாராக இராமல், பக்கத்து அணுக்களை ஏவும் மேஸ்திரியாகவே வேலை செய்கின்றன. குட்டி பிறந்தபின் விழும் பனிக்குடச் சவ்வைக் கழுவிப் பக்குவம் செய்து போர்த்துகிற எளிய முறைமேல் எனக்கு இவற்றைவிட நம்பிக்கை அதிகம். எதற்கும் முன்னே, உப்புநீரில் கழுவுவதும் டெட்டனஸ் ஊசியும் தவறலாகாது. அந்நோய்க்குக் குதிரையைப்போல் எளிதில் இரையாகும் பிராணி வேறு அரிது.

அடுத்த முறை கட்டவிழ்க்கும்போது, ஆசிரியரிடம் அனுமதி பெற்று, புண்ணின் விளிம்பிலே வெளிர்சிவப்பாய் ஒரு மெல்லிய கோடு தென்படுகிறதா என்று பார். தென்பட்டால், வாரத்துக்கு வாரம் அது எவ்வளவு நகர்கிறது என்பதை நூல் வைத்து அளந்து எனக்கு எழுது.